உங்களுக்குத் தெரியுமா? மைக்கும் ஒரு குட்டி ஸ்பீக்கர்தான்!

பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கும் டைனமிக் மைக்கின் தலைக்குள் இருப்பது காந்தம், கம்பிச்சுருள், மெல்லிய சவ்வு. ஸ்பீக்கரிலும் இதே மூன்றுதான்! குரல் சவ்வை அசைத்தால் மின்சாரம் பிறக்கும்; மின்சாரம் கொடுத்தால் சவ்வு அசைந்து ஒலி பிறக்கும். 1966இல் பீட்டில்ஸ் குழுவின் ‘பேப்பர்பேக் ரைட்டர்’ பாட்டுக்கு, பேஸ் கிட்டார் ஒலியைப் பிடிக்க ஒரு ஸ்பீக்கரையே மைக்காக வைத்தார்கள்.

• ஊமையான மைக்கைச் சோதிக்கவும் இதே குணம் உதவும். காந்தமும் சுருளும் சவ்வும் அடங்கிய கேப்ஸ்யூலை வயரிலிருந்து பிரித்து, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரு முனைகளையும் தொடுங்கள். காதருகே மெல்லிய ‘டிக்’ கேட்டால் சுருள் உயிரோடு இருக்கிறது. மீட்டர் அசையவே இல்லையா? தலைமுடியைவிட மெல்லிய அந்தக் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது.

• கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் போன்ற கடலோர ஊர்களில் கேப்ஸ்யூலைச் சந்தேகிக்கும் முன் பிளக்கையும் வயரையும் பாருங்கள். உப்புக்காற்றில் பிளக்கின் ஊசிகளில் களிம்பு ஏறிவிடும். நல்ல கேப்ஸ்யூலைக் குப்பையில் போடுவது பெரிய அநியாயம்.

• திறந்த கேப்ஸ்யூலை இரும்புத் தூளுக்கு அருகில் வைக்கவே வேண்டாம். காந்தம் அதை இழுத்துக்கொள்ளும். சுருள் உரசி, குரல் கரகரக்கும்.

• சட்டையில் குத்தும் காலர் மைக் பெரும்பாலும் எலக்ட்ரெட் வகை. 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் உருவாக்கியது. அதன் கேப்ஸ்யூல் கெட்டால் புதியதுதான் போட வேண்டும். ஈயம் பற்றவைக்கும்போது கவனம்: உலோக உறையோடு இணைந்திருக்கும் முனைதான் நெகட்டிவ்.