வளவும் விலையும்: செட்டிநாட்டு மனைகள் சிதைதற்குக் காரணம்

கொல்லிமலைப் பாவை காற்று மோதினும், இடி இடிப்பினும், நிலம் நடுங்கினும் தன் உருவம் இழவாது என்னும் கருத்தை நற்றிணையின் 201ஆம் செய்யுளிற் காண்கின்றோம். தெய்வம் செய்த பாவைக்குப் பேணுவார் வேண்டா. மக்கள் செய்த மனைக்கோ ஆண்டுதோறும் பேணுவார் வேண்டும். பேணுவார் அகன்றவழி அது முதலில் ஒழுகும், பின்னர் விலைக்கு வரும், இறுதியில் பிரிக்கப்படும். காரைக்குடியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் நிகழ்ந்துவரும் இம்மாற்றத்தின் காரணங்களை ஈண்டு ஆராய்வாம்.

1. மனையின் அமைப்பு

நகரத்தார் தம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் என்பர். தொண்ணூற்றாறு ஊர்களில் அவர்கள் குடியேறினர் என்பது மரபு. இன்று எஞ்சியுள்ளவை எழுபதுக்குச் சற்று மிகுதியானவை. இன்று நாம் காணும் பெருமனைகளில் மிகப் பல, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் இடைப்பட்ட காலத்தன.

தெருவை நோக்கிய திண்ணையும் முகப்பும் வந்தாரை வரவேற்கும் இடங்கள். கணக்கும் வாணிகப் பேச்சும் அங்கே நிகழ்ந்தன. அதனைக் கடந்தால் வளவு. வானம் நோக்கிய முற்றமும், அதனைச் சுற்றிய தூண் வரிசையும், அவ்வரிசையை ஒட்டிய அறைகளும் சேர்ந்ததே வளவு எனப்படும். அதற்கப்பால் இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என மனை நீண்டு, பெரும்பாலும் பின் தெருவைச் சென்று தொடும்.

வளவு என்னும் சொல்லைச் சூழ்தற் பொருள் தரும் 'வளை' என்னும் அடியோடு இணைத்துக் காண்டல் பொருந்தும். யாழ்ப்பாணத்தில் இச்சொல் வீட்டைச் சூழ்ந்த நிலத்தைக் குறிக்கும்; செட்டிநாட்டில் வீட்டால் சூழப்பட்ட வெளியையும் அதனை அடுத்த பகுதியையும் குறிக்கும். சூழப்பட்டது என்னும் பொருள் இரண்டிற்கும் பொது.

இவ்வமைப்பில் நம் ஆய்விற்கு இன்றியமையாதது ஒன்று உண்டு. மணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில் அறை ஒதுக்கப்படும். அவன் குடும்பம் தனி அடுப்பு மூட்டி 'வேறு வைக்கப்படும்'. ஆயினும் கூரை ஒன்றே, முற்றம் ஒன்றே, வாயில் ஒன்றே. கணவனும் மனைவியும் சேர்ந்து கோயிற் கணக்கில் ஒரு 'புள்ளி' ஆவர். அறையளவில் தனிமையும் முற்றத்தளவில் பொதுமையும் இம்மனையின் உயிர்நிலை. அப்பொதுமையே பிற்காலத்தில் அதன் இடர்ப்பாடும் ஆயிற்று என்பது எம் துணிபு.

2. செல்வம் வற்றியவாறு

இம்மனைகளின் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. அவற்றைக் கட்டிய பொருளிற் பெரும்பகுதியும் அந்நாட்டுக் கடன் தொழிலில் ஈட்டியதே. 1929இல் தொடங்கிய பெருமந்தத்தால் உழவர் கடனைத் திருப்பித் தர இயலாராயினர். பணத்திற்கு ஈடாக நிலம் வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலவுடைமை 1937இல் நூற்றுக்கு 25 பங்காயிற்று. இது வளர்ச்சி போலத் தோன்றினும் உண்மையில் முடக்கமே. 1942இல் சப்பானியர் படையெடுப்பால் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர்; 1948ஆம் ஆண்டு நிலவுடைமைச் சட்டம் எஞ்சியதையும் கைப்படுத்த வழிசெய்தது. மனை நின்றது, மனையைப் பேணிய வருவாய் நின்றிலது.

3. பங்கும் பழுதும்

மூன்று தலைமுறை கடந்தபின் ஒரு மனைக்கு உரியார் பலராவர். சென்னையிலும், மலேசியாவிலும், சிங்கப்பூரிலும் அவர்கள் பரந்து வாழ்வர். திருமணத்திற்கும் படைப்பிற்கும் கூடுவர், ஒழுகலுக்குக் கூடுவாரில்லை.

பழுது பெரும்பாலும் கூரையின் கூடுவாயிலிருந்து தொடங்கும். இரு சரிவுகளின் நீர் ஒருங்கே இறங்கும் இடம் அது. ஓரிரு ஓடு நழுவினால் நீர் உத்திரத்தை நனைக்கும். நனைந்த மரத்தைக் கறையான் நாடும். அச்சமயம் ஓடு மாற்றுதல் சிறு செலவு. பத்து ஆண்டு கழித்து உத்திரம் மாற்றுதல் பெருஞ்செலவு. சிறு செலவைச் செய்ய யார் முன்வருவது என்னும் வினாவிற்கு விடை கிடையாமையே பெருஞ்செலவிற்குக் காரணம். செய்தவர்க்குப் பங்கு கூடாது, செய்யாதவர்க்குக் குறையாது.

பழுது பார்த்தலிலும் பிழை நேர்வதுண்டு. நன்கு அரைத்த சுண்ணச்சாந்தைப் பல படையாகப் பூசி, இறுதிப் படையில் முட்டை வெண்கரு சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர் இது. சுண்ணம் ஈரத்தை வாங்கி வெளிவிடும் இயல்பினது. அதன்மேற் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே தங்கி, உப்புப் பூத்துச் சுவர் உதிரும்.

4. சட்டத்தின் நிலை

1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் இங்கே கருதத்தக்கது. பகுத்தற்கு இயலாத சொத்தை விற்றுப் பணத்தைப் பகிர்க என நீதிமன்றம் ஆணையிட அதன் இரண்டாம் பிரிவு இடந்தருகின்றது. பாதியோ அதற்கு மேலோ பங்குடையார் வேண்டுதல் வேண்டும். பிரியாக் குடும்பத்தின் வாழிடத்திற் பங்கு வாங்கிய அயலார் பிரிவினை கோரி வழக்கிடின், அப்பங்கை மதிப்பிட்டு வாங்கிக்கொள்ளும் உரிமையை நான்காம் பிரிவு குடும்பத்தார்க்கு நல்குகின்றது. எனவே சட்டம் குடும்பத்தின் பக்கமே சாய்ந்துள்ளது. வாங்கும் ஆற்றல் குடும்பத்திடம் உண்டா என்பதே வினா.

தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தமும், நாடு முழுமைக்குமான 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் மகளிர்க்குப் பங்குரிமை அளித்தன. இதனால் பங்காளர் தொகை பெருகிற்று என்பார் உளர். பெருகியது உண்மையே, ஆயினும் மனை சிதையத் தொடங்கியது அதற்கு நெடுநாள் முன்னரே ஆதலின், பழியை மகளிர்மேல் ஏற்றுதல் வரலாற்றோடு பொருந்தாது.

இனி ஒரு முரண்பாடு காண்க. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம், நூறாண்டு கடந்த பொருள்களுள் கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்தவற்றையும் தொல்பொருள் என வரையறுக்கின்றது. தனியார் அதனை அயல்நாட்டிற்கு ஏற்றுமதி செய்தலாகாது. ஆகவே, பெயர்க்கப்பட்ட கதவிற்கு ஒரு காவல் உண்டு. அக்கதவு பொருந்தியிருந்த மனைக்கு, அது தனியே பாதுகாக்கப்பட்ட சின்னமென அறிவிக்கப்பட்டாலன்றி, அத்தகைய காவல் இல்லை. காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் தூணும் நிலையும் கதவும் அடுக்கப்பட்டிருத்தலைக் காண்பார்க்கு இதன் விளைவு எளிதில் விளங்கும். முழுமனையை வாங்குவார் அரியர். உறுப்புகளை வாங்குவார் பலர். உறுப்பின் விலை முழுமையின் விலையை மிஞ்சும்பொழுது மனை பிரிக்கப்படுகின்றது.

5. செய்யத்தக்கன

கொத்தமங்கலத்துச் சாரதா விலாசமும் கடியாபட்டிச் சிதம்பர விலாசமும் செப்பனிடப்பெற்று விருந்தினர் தங்கும் விடுதிகளாயின. 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. இவை நற்செய்திகளே. ஆயினும் எல்லா மனையும் விடுதியாதல் இயலாது.

தமிழ்த்துறையினர் உத்திரம் மாற்ற வல்லரல்லர். சொல்லைக் காக்க வல்லர். அகப்பிரிவு ஒவ்வொன்றையும் பெயர் சுட்டிப் பகிர்ந்த பாகப்பிரிவினைப் பத்திரங்கள் பல குடும்பங்களில் உள்ளன. எவ்வறை எவர்க்கு, எந்நடை பொது, எக்கிணற்றில் எவர்க்கு நீர் என்பவை அவற்றில் எழுதப்பட்டிருக்கும். மனை விற்கப்படும் நாளில் இவை பழந்தாளாய்க் கழிக்கப்படுகின்றன. நெடுநல்வாடை மனைவகுத்த திறத்தைச் சொல்லியிராவிடின், அக்கால நூலறி புலவர் திசை கண்டு நூலிட்ட முறையை நாம் அறிந்திரோம். அத்தகைய சான்று நம் காலத்து மனைகட்கும் வேண்டும். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் ஒரு மனையை அளந்து, அதன் உறுப்புப் பெயர்களை அங்கு வாழ்ந்த முதியோர் வாய்மொழியாற் பெற்று, பத்திரத்தோடு ஒப்பிட்டு எழுதிவைப்பாராயின், விலைபோன மனையும் ஒருவாறு நிலைபெறும் என்க.