ஈறும் எண்ணும்

பல் போனால் சொல் போகும் என்பது நம் பழமொழி. மருத்துவமனைக் குறிப்பேட்டிலோ, ஒரு சொல் போனால் நோயின் இடமே மறைந்துவிடுகிறது. அது எவ்வாறு என்று பார்ப்போம்.

நண்பர்களே! ஆஸ்டின் டவுனில் வாழும் தமிழ் மூதாட்டி ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். வெற்றிலையும் புகையிலையும் அவருக்கு ஐம்பதாண்டுப் பழக்கம். கீழ் ஈற்றில் ஒரு புண்; மூன்று வாரமாகியும் ஆறவில்லை; பல்லும் ஆடுகிறது. பல்வலிதானே என்று கிராம்புத் தைலம் தடவி வருகிறார். பேரன் அவரை ஓசூர் சாலையிலுள்ள கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறான். சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்ததில் நோய் தெளிவாகிறது.

இனி மருத்துவர் எழுதவேண்டும். "வாய்ப் புற்று" என்று மட்டும் எழுதினால் போதாதா? போதாது. உலகச் சுகாதார நிறுவனம் 1990-இல் ஏற்ற நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் ஈற்றுப் புற்றின் குறியெண் சி03. மேல் ஈறாயின் சி03.0, கீழ் ஈறாயின் சி03.1, எந்த ஈறு என்று குறிக்காவிட்டால் சி03.9. கன்னத்தின் உட்புறத்துக்கு சி06.0. வெறும் "வாய்" என்றால் சி06.9. ஈற்றில் தோன்றிய புற்று தாடை எலும்பை அரித்தாலும் எண் சி03.1 தான், எலும்பிலேயே பிறந்ததாயின் சி41.1. தோன்றிய இடமே எண்ணைத் தீர்மானிக்கிறது.

குறியெண் இடுபவர் நோயாளியைக் காண்பதில்லை, தாளையே காண்கிறார். தாளில் இல்லாததை அவர் ஊகித்து எழுதலாகாது.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பெங்களூரு, மும்பை, சென்னை ஆகிய நகரங்களில் புற்றுநோய்ப் பதிவகங்கள் இயங்கிவருகின்றன. பதிவாளர்கள் மருத்துவமனைதோறும் சென்று குறிப்பேடுகளைப் படித்து, ஊர், வயது, நோய் தோன்றிய உறுப்பு ஆகியவற்றைத் திரட்டுகிறார்கள். வெற்றிலையை அடக்கிவைக்கும் இடம் கன்னத்துக்கும் ஈற்றுக்கும் நடுவே அன்றோ? அங்கேயே நோய் மிகுகிறது என்பதை இத்தகைய கணக்கே காட்டும். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் வெளியிட்டது. "குறிக்கப்படவில்லை" என்னும் எண் பெருகப் பெருக, இந்த உண்மை மங்கும்.

பதினோராம் பதிப்பு 2022-இல் நடைமுறைக்கு வந்தது. எண்கள் மாறின, இடத்தை எழுது என்னும் நெறி மாறவில்லை.

மருத்துவம் பயிலும் தோழர்களே, "கீழ்" என்னும் அந்த ஒரு சொல்லை எழுத மறவாதீர். பிற துறை பயில்வோர் விடுமுறைக்கு வீடு சென்றதும் பாட்டியின் வாயைத் திறந்து பாருங்கள். ஆறாத புண்ணைக் கண்டால், தைலத்தை நம்பி நாளைக் கடத்தாதீர்.