ஊட்டிக்கு நாயும் வருதா? கார் கதவைச் சாத்திட்டுப் போயிடாதீங்க!

"ஞாயித்துக்கிழமை ஊட்டிக்குப் போலாமா?" என்று வீட்டில் பேச்செடுத்தால் போதும். குழந்தைகளுக்கு முன்னால் வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடுவது நம் வீட்டு நாய்தான்!

முன்பெல்லாம் வெளியூர் கிளம்பினால், "ரெண்டு வேளை சோறு மட்டும் வெச்சிருங்கக்கா" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவோம். இப்போது அப்படியில்லை. சனி, ஞாயிறுகளில் கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் ரோட்டில் போகிற கார்களைப் பாருங்கள். ஜன்னலில் மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு லாப்ரடாரோ பொமரேனியனோ குடும்பத்தோடு போய்க்கொண்டிருக்கும். வால்பாறைக்குப் போகிற பொள்ளாச்சி ரோட்டிலும் அப்படித்தான். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப் போடுவதற்கு இது எவ்வளவோ மேல்.

ஆனால் நமக்குச் சுகமாக இருக்கிற பயணம் அதற்கும் சுகமாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அதன் உடம்பு வேறு மாதிரி வேலை செய்கிறது.

ஆரோக்கியமான நாயின் உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். நமக்கு அந்த அளவு இருந்தால் காய்ச்சல் என்று படுத்துவிடுவோம்! சூடு ஏறினால் நமக்கு உடம்பெல்லாம் வியர்த்து, காற்றுப் பட்டுக் குளிர்ந்துவிடும். நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதங்களில்தான். அதனால் பெரிய பலனில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்குகிறதே, அதுதான் அதன் முக்கியமான குளிர்சாதனம். நாக்கிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது ரத்தம் குளிர்கிறது. சுற்றியுள்ள காற்று சூடாகவும் ஈரமாகவும் இருந்தால் இந்த ஏற்பாடு படுத்துவிடும். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பாதையே குறுகல். அவற்றின் பாடு இன்னும் கஷ்டம்.

இப்போது நிறுத்திய காருக்கு வருவோம். "அஞ்சே நிமிஷம், டிபன் சாப்பிட்டுட்டு வந்துர்றோம்" என்று நாயை உள்ளே விட்டுவிட்டு இறங்குகிறோம். அந்த ஐந்து நிமிஷம் என்றைக்காவது ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கிறதா? தோசை வர இருபது நிமிஷம், பில் வரப் பத்து நிமிஷம்!

அமெரிக்காவில் வெயில் நாட்களில் காரை நிறுத்தி வைத்து அளந்து பார்த்து, 2005-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் காருக்குள் சராசரியாக 40 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறியது. அதில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பார்த்தார்கள். வித்தியாசம் ரொம்பச் சொற்பம்! வெளியே 22 டிகிரி செல்சியஸ் மட்டுமே இருந்த நாளிலும் உள்ளே 47 டிகிரி வரை போனதாம்.

22 டிகிரி என்பது நல்ல வெயிலடிக்கும் ஊட்டிப் பகல். ஈரோடு, கரூர்ப் பக்கம் சித்திரை வெயிலில் யாரும் நாயைக் காரில் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள், பயம் இருக்கும். ஊட்டியில்தான் "இங்கென்னங்க, குளுகுளுன்னுதானே இருக்குது" என்று துணிந்து விட்டுவிடுகிறார்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நாம் பூங்காவைச் சுற்றும்போது, கண்ணாடி வழியே உள்ளே போன வெயில் வெளியேற வழியில்லாமல் காருக்குள் சேர்ந்துகொண்டே இருக்கும். நாயை உள்ளே விடாத இடமென்றால், வீட்டில் ஒருவர் மாறி மாறி அதோடு வெளியே நிழலில் நிற்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

நாய்க்குச் சூடு மிஞ்சிவிட்டதா என்று எப்படித் தெரியும்? பலமாக மூச்சு வாங்கும். எச்சில் பசை மாதிரி கெட்டியாக வழியும். ஈறு ரத்தச் சிவப்பாகும். அப்புறம் தள்ளாட்டம், வாந்தி, பேதி. 106 டிகிரியைத் தாண்டினால் சிறுநீரகம், ஈரல், மூளை எல்லாம் பாதிக்கப்படும், உயிரே போகலாம். டாக்டரைத் தேடி ஓடுவதற்கு முன்பே குளிர்விக்க ஆரம்பித்துவிடுங்கள். நிழலுக்குத் தூக்கிப் போய் உடம்பு முழுக்கத் தண்ணீரைக் கொட்டி, விசிறுங்கள். சாதாரணக் குழாய்த் தண்ணீரே போதும். ஐஸுக்காகக் கடை கடையாக அலைய வேண்டாம். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள். சிறிது நேரத்தில் துண்டே சூடாகிப் போர்வை மாதிரி ஆகிவிடும். மயங்கிக் கிடக்கும்போது வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. நாய் எழுந்து நின்றுவிட்டாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். உள்ளுறுப்புப் பாதிப்பு மறுநாள் கூட வெளிப்படலாம்.

நாற்பது வளைவும் ஒரு சாக்லேட்டும்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். நமக்கே குடலைப் புரட்டுகிற ரோடு! கிளம்ப மூன்று, நான்கு மணி நேரத்துக்கு முன்பே நாயின் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். தண்ணீர் மட்டும் அவ்வப்போது கொடுக்கலாம். நமக்கு வைத்திருக்கிற வாந்தி மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

ஊட்டிக்குப் போனால் ஹோம்மேட் சாக்லேட் வாங்காமல் யார் திரும்புகிறார்கள்? அதில் உள்ள தியோப்ரோமின் என்ற பொருளை நாயின் உடம்பால் சீக்கிரம் வெளியேற்ற முடியாது. கறுப்பான டார்க் சாக்லேட் இன்னும் ஆபத்து. வாந்தி, நடுக்கம், இதயப் படபடப்பு, வலிப்பு வரை போகும். பின் சீட்டில் பாசக்காரப் பிள்ளைகள் இருந்தால் பையை முன்னால் வைத்துக்கொள்வது உத்தமம். திராட்சையும் ஆகாது.

டாப்ஸ்லிப், முதுமலை போன்ற புலிகள் காப்பகங்களுக்கு நாயைக் கூட்டிப்போகக் கூடாது. "கட்டித்தானே வெச்சிருக்கோம்" என்பது பதிலாகாது. வீட்டு நாயிடமிருக்கிற டிஸ்டெம்பர் வைரஸ் காட்டிலுள்ள செந்நாய்களையும் தாக்கக்கூடியது. ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் 1994-ல் இதே வைரஸ் பரவி, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் செத்துப்போயின. வால்பாறை எஸ்டேட் பக்கம் ஆபத்து எதிர்த்திசையிலிருந்து வரும். அங்கே சிறுத்தைக்கு நாய் என்றால் எளிதான இரை. இருட்டியபின் நாய் அறைக்குள்ளேதான் இருக்கவேண்டும்.

குன்னூர் சொல்லும் கதை

குன்னூரில் சிம்ஸ் பார்க் பக்கம் போயிருப்பீர்கள். அங்கேதான் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் பெண் வெறிநாய்க்கடி நோயால் இறந்துபோனார். அன்றைக்குத் தென்னிந்தியாவில் அதற்கு ஊசி இல்லை. வடக்கே கசௌலிக்குத்தான் போகவேண்டும். அந்தச் சாவுக்குப் பிறகு எழுந்த கோரிக்கையில், ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கரின் நன்கொடையும் சேர்ந்து, 1907-ல் உருவானது இந்த நிலையம்.

இன்று ஊசிக்காக யாரும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். ஆனால் நோய் அறிகுறி வந்தபின் காப்பாற்றுவது அநேகமாக முடியாது என்ற நிலை மட்டும் மாறவில்லை. அதனால் கிளம்புமுன் நாயின் ரேபீஸ் ஊசி தேதியைப் பாருங்கள். டீக்கடை ஓரத்தில் தெருநாயோடு சண்டை போட்டுக் கடிபட்டால், ஊசி போட்ட நாயாகவே இருந்தாலும் காயத்தைக் கழுவி, உடனே மருத்துவரிடம் காட்டி மறுபடியும் ஊசி போட வேண்டும். மலைப்பாதையில் நாய் குரைத்து, குரங்கு குழந்தைமேல் பாய்ந்து பிறாண்டினால் அதையும் நாய்க்கடி போலவே எடுத்துக்கொள்ளுங்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். பிறகு நேரே ஆஸ்பத்திரிதான். திட்டு விழுமென்று பயந்து குழந்தைகள் கீறலை மறைத்துவிடுவார்கள். ராத்திரி துணி மாற்றும்போது கை, காலைப் பார்த்துவிடுங்கள்.

வீடு திரும்பியதும் நாயின் காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் நசுக்காமல், தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் உடனே தெரியாது. ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் நாய் சாப்பாட்டைத் தொடாமல் சுருண்டு படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ டாக்டரிடம் கூட்டிப்போங்கள். எந்த மலைக்கு, என்றைக்குப் போய்வந்தீர்கள் என்பதை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.