ஃபேன் சுற்றுகிறது, படம் வரவில்லை

விளாத்திகுளம் பக்கம் சொந்தமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய ஆசைப்படும் மாணவர், பாகங்களை ஆன்லைனில் வரவழைப்பார். இல்லாவிட்டால் கோவில்பட்டி, தூத்துக்குடி, மதுரை என்று அலைந்து வாங்குவார். தள்ளுபடி விலையில் கிடைத்த பழைய சரக்கு மதர்போர்டு ஓரிடத்தில், அண்மையில் வெளிவந்த பிராசஸர் இன்னோரிடத்தில். எல்லாவற்றையும் பொருத்தி சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் இருண்டே கிடக்கும். "போர்டு டெட்" என்று கூட இருப்பவர் தீர்ப்பு சொல்லிவிடுவார். பல சமயம் போர்டும் நன்றாகத்தான் இருக்கும், பிராசஸரும் நன்றாகத்தான் இருக்கும். போர்டு தயாரான நாளில் அந்த பிராசஸர் சந்தைக்கே வந்திருக்காது. அதை அடையாளம் காணத் தேவையான மென்பொருள் போர்டில் இல்லை, அவ்வளவுதான்.

அந்த மென்பொருளைத்தான் பயாஸ் என்கிறோம். இன்றைய போர்டுகளில் இருப்பது அதன் வாரிசான யூஇஎஃப்ஐ. ஆனாலும் கடையிலும் வீட்டிலும் பழைய பெயரே நிலைத்துவிட்டது. சுண்டுவிரல் நகம் அளவுள்ள, எட்டுக் கால்கள் கொண்ட கறுப்புச் சிப் ஒன்றில் அது குடியிருக்கிறது. மின்சாரம் வந்ததும் பிராசஸர் தேடிப் போகும் முதல் இடம், 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழே உள்ள ஒரு முகவரி. அங்கே கிடைக்கும் முதல் கட்டளையிலிருந்துதான் ராம் விழிக்கிறது, திரை விழிக்கிறது, கடைசியில் விண்டோஸ் வருகிறது.

பழைய கம்ப்யூட்டர்களை ஆன் செய்ததும் 'அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ்' என்ற எழுத்துகள் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1985இல் அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் சுப்பிரமணியன் சங்கர், பேட் சர்மா என்ற இருவர். பின்னாளில் டெல் என்று பெயர் மாற்றிக்கொண்ட பிசிஸ் லிமிடெட் அவர்களுடைய தொடக்ககால வாடிக்கையாளர். இன்று விற்கும் மதர்போர்டுகளில் பெரும்பங்கு அவர்களுடைய பயாஸை அடிப்படையாகக் கொண்டவை. அந்த நிறுவனத்துக்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு. விளாத்திகுளத்தில் ஒருவர் பென்டிரைவில் இறக்கும் பயாஸ் ஃபைலுக்கும் நம் மாநிலத் தலைநகருக்கும் இப்படி ஓர் உறவு இருப்பது பலருக்குத் தெரியாது.

புது பிராசஸரைப் பழைய போர்டு அறியாத சிக்கல் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் பெரிதாக வெடித்தது. ஒரே சாக்கெட்டில் பல தலைமுறை பிராசஸர்கள் உட்கார்ந்தன. வாங்குபவருக்கு அது நன்மைதான். ஆனால் பல போர்டுகளில் பயாஸ் சிப்பின் கொள்ளளவு 16 எம்பி மட்டுமே. 2019இல் ரைசன் 3000 வந்தபோது இடம் போதாமல், எம்எஸ்ஐ தன் பழைய போர்டுகளில் அழகான மெனுவைக் கழற்றிவிட்டு எளிய மெனுவைப் போட்டது. சில பழைய பிராசஸர்களுக்கான ஆதரவும் போனது. பிறகு 32 எம்பி சிப்புடன் 'மேக்ஸ்' வரிசையைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே 2018இல், பயாஸை அப்டேட் செய்வதற்காக மட்டும் ஏஎம்டி தன் வாடிக்கையாளர்களுக்குப் பழைய பிராசஸரைக் கடனாக அனுப்பிவைத்த கதையும் உண்டு. இன்டெல் 600 வரிசை போர்டுகளில் 13ஆம் தலைமுறை பிராசஸரைப் போட்டவர்களும் இதே இருட்டுத் திரையைப் பார்த்தார்கள்.

இப்போது பல போர்டுகளில் பிராசஸரே இல்லாமல் அப்டேட் செய்யும் வசதி வந்துவிட்டது. அசுஸ் அதை பயாஸ் ஃபிளாஷ்பேக் என்கிறது, கிகாபைட் கியூ-ஃபிளாஷ் பிளஸ் என்கிறது. போர்டின் பின்புறம் அடையாளமிட்ட யுஎஸ்பி துளை ஒன்று இருக்கும். ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் ஃபைலைப் போட்டு, அந்த நிறுவனம் சொன்ன பெயரை எழுத்துப் பிசகாமல் வைத்து, பட்டனை அழுத்த வேண்டும். விளக்கு சிமிட்டத் தொடங்கும். அது அணையும்வரை எதையும் தொடக் கூடாது. நம்மைப் போன்ற சிற்றூர்க்காரர்கள் போர்டு வாங்கும்போது விலையைக் கேட்கும் முன் இந்த பட்டன் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் தகும் என்பது என் கருத்து.

உண்மையான ஆபத்து மின்சாரத்தில் இருக்கிறது. ஃபிளாஷ் சிப்பில் இருப்பதன்மேல் அப்படியே எழுத முடியாது. முதலில் ஒரு பகுதியை முழுதாக அழித்து எல்லா பிட்டுகளையும் 1 ஆக்க வேண்டும். பிறகு தேவையானவற்றை 0 ஆக்கி எழுத வேண்டும். பாதி வழியில் கரண்ட் போனால் சிப்பில் கொஞ்சம் புதியது, கொஞ்சம் பழையது, நடுவில் வெற்றிடம். முதல் கட்டளையைத் தேடிப் போகும் பிராசஸருக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது.

துணை மின்நிலையப் பராமரிப்புக்காக மின்தடை என்று நாளிதழில் அறிவிப்பு வந்த நாளை எளிதில் தவிர்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் இடியோடு வரும் மழைக்கு அறிவிப்பு கிடையாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாற ஒரு நொடியில் சிறு பங்கு ஆகும். கம்ப்யூட்டரின் பவர் சப்ளை தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லிசெகண்டுதான். பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் முறை என்று ஒரு சுவிட்ச் உண்டு. அதைப் போட்டால் மாற்றம் விரைவாக நடக்கும், போடாவிட்டால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். தனி யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் அப்டேட்டுக்கு முன்பே, கம்ப்யூட்டர் சும்மா ஓடும்போது, சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். பத்து நிமிடம் நின்றால் நம்பலாம். பேட்டரி செத்துப்போன யுபிஎஸ் வெறும் பெட்டிதான்.

அடுத்தது ஃபைல். போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்தைத் தவிர வேறெங்கிருந்தும் எடுக்காதீர்கள். பி450எம் டிஎஸ்3எச் என்பதும் பி450எம் டிஎஸ்3எச் வி2 என்பதும் வேறு வேறு போர்டுகள். பில்லையும் அட்டைப்பெட்டியையும் நம்பாமல், போர்டின் மேலேயே அச்சிட்டிருக்கும் பெயரையும் ரிவிஷன் எண்ணையும் டார்ச் அடித்துப் படியுங்கள். பீட்டா என்று போட்டிருந்தால், உங்கள் குறையைத் தீர்ப்பதாக அதில் எழுதியிருந்தால் ஒழியத் தொட வேண்டாம்.

முடிந்த பிறகும் பொறுமை வேண்டும். டிடிஆர்5 ராம் உள்ள போர்டு அப்டேட்டுக்குப் பிந்திய முதல் தொடக்கத்தில் ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை இருட்டாகவே இருக்கும். அந்தக் கட்டத்தில் பதறிப்போய் பிளக்கைப் பிடுங்காதீர்கள். ராம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி, ஃபேன் வேகம் போன்ற அமைப்புகள் தொடக்க நிலைக்குப் போய்விடும். அப்டேட்டுக்கு முன்பே போனில் படம் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. ஏற்கெனவே விண்டோஸ் 11 ஓடும் கம்ப்யூட்டரானால், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, 48 இலக்க மீட்பு எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். அந்த எண் இல்லாமல் பூட்டிக்கொண்ட டிஸ்க்கிலிருந்து குடும்பப் படங்களை யாராலும் எடுத்துத் தர முடியாது.

ஓடுகிற கம்ப்யூட்டரை ஏன் நோண்ட வேண்டும் என்ற பழைய அறிவுரை இன்று முழுக்கச் செல்லாது. 2023இல் சில ரைசன் 7000 பிராசஸர்கள் கருகின. அவற்றுக்குப் போகும் ஒருவகை மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்குள் கட்டியது பயாஸ் அப்டேட்தான். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை பிராசஸர்கள் மிகை மின்னழுத்தத்தால் தேய்வதைத் தடுக்கும் திருத்தம் 2024 ஆகஸ்டிலிருந்து பயாஸ் வழியாகவே வந்தது. ஏற்கெனவே தேய்ந்த பிராசஸரை அது மீட்காது. அந்த வகை பிராசஸரைப் புதிதாக வாங்கியவர் விண்டோஸ் போடுவதற்கு முன்பே அப்டேட்டை முடித்துவிட வேண்டும்.

அப்டேட் பாதியில் நின்றுபோன போர்டைக் குப்பையில் போட வேண்டாம். 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் வைரஸ் எத்தனையோ கம்ப்யூட்டர்களின் பயாஸை அழித்தபோதும், சிப்பில் மறுபடி எழுதித்தான் போர்டுகளை மீட்டார்கள். இப்போதும் சர்வீஸ் கடைகளில் சில நூறு ரூபாய் புரோகிராமரையும் கிளிப்பையும் வைத்து அதைச் செய்கிறார்கள். சிப் 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று பார்த்துவிட்டு, உள்ளே மிஞ்சியிருப்பதை முதலில் நகலெடுத்து வைப்பவரிடம் கொடுங்கள். போர்டின் வரிசை எண் போன்ற விவரங்கள் அதில்தான் இருக்கும்.

பாகங்கள் விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். போர்டையும் பிராசஸரையும் சேர்த்து வாங்குகிறவருக்கு பயாஸ் பதிப்பைச் சரிபார்த்து, தேவையானால் அப்டேட் செய்தே கொடுங்கள். உங்களுக்குப் பத்து நிமிட வேலை. விளாத்திகுளத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவருக்கு அது ஒரு முழு நாள்.