மகாபலேஷ்வரில் தேன் விருந்து: காட்டியதும் காட்டாததும்

(நமது நிருபர்)

தேன் விற்கிறவர்கள் முன்பெல்லாம் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். இப்போது வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவர்களைச் சனி, ஞாயிறு இரண்டு நாள் மலைக்கு அழைத்துப் போய், அறை கொடுத்து, விருந்து வைத்து, திரும்பும்போது கையில் புட்டிகளும் கொடுத்து அனுப்புகிறார்கள். எழுதுகிறவர் எழுதுவார், படிக்கிறவர் வாங்குவார் என்பது கணக்கு. சதாரா மாவட்டத்தில் சுமார் 4,500 அடி உயரத்திலுள்ள மகாபலேஷ்வரில் நடந்த அப்படியொரு விருந்துக்கு நானும் போயிருந்தேன். நடத்திய கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம்.

தேனைக் குறை சொல்ல முடியாது. முதல் நாள் மாலை நாலு வகைத் தேனைச் சிறு கிண்ணங்களில் வைத்தார்கள். நாவற்பூத் தேன் கறுத்திருந்தது; இனிப்பு போனபின் நாக்கில் லேசான கசப்பு நின்றது. கார்விப் பூத்தேன் நல்ல கெட்டி. கார்வி நம் நீலக்குறிஞ்சிக்கு உறவுச் செடி. குறிஞ்சிக்கு 12 ஆண்டு என்றால் கார்விக்கு 8 ஆண்டு. பூத்த வருஷம் சஹ்யாத்ரி சரிவெல்லாம் ஊதா நிறமாகிவிடும். உணவுச் சட்டத்தில்கூட இச்செடிக்குத் தனி இடம் உண்டு. பெரும்பாலான தேன்களில் சுக்ரோஸ் என்ற சர்க்கரை 5 சதவீதத்துக்கு மேல் கூடாது. கார்வித் தேனுக்கு 10 வரை அனுமதி.

சாப்பாடு முடிந்ததும் பேச்சு தொடங்கியது. தேன் இருமலைத் தீர்க்கும், இளைக்க வைக்கும் என்று அடுக்கிக்கொண்டே வந்தவர், "பிறந்த குழந்தையின் நாக்கில் முதலில் வைப்பதே தேன்தான், நம் பாரதப் பண்பாடு" என்றார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

இந்த ஒன்றை வாசகர்கள் நம்பக்கூடாது. ஊரிலிருந்து பேறுகாலத்துக்கு வந்து நிற்கும் பாட்டிமார் சேனை வைக்கிறேன் என்று தேனைத் தொட்டு வைப்பது நம் வீடுகளிலும் உண்டு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டும் ஆகாது. சுத்தமான தேனிலும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்கள் வயிற்றில் அது ஒன்றும் செய்யாது. பச்சைக் குழந்தையின் குடலிலோ முளைத்து விஷத்தை உண்டாக்கும். குழந்தை துவண்டுபோகும், பால் குடிக்கத் திணறும், மூச்சுகூட நின்றுபோகலாம். பாட்டுலிசம் என்று பெயர்.

தண்ணீர் பரீட்சை

பிறகு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டுத் தேனை விட்டார்கள். அடியில் போய் உட்கார்ந்தது. "சுத்தம்" என்றார்கள், கைதட்டலும் கிடைத்தது. கெட்டியான சர்க்கரைப் பாகை விட்டாலும் அப்படியேதான் உட்காரும்! தீக்குச்சியைத் தோய்த்துக் கொளுத்துவது, எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது எல்லாம் இதே ஜாதி. 2020 டிசம்பரில் டில்லியின் விஞ்ஞான, சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டு தேன்களை ஜெர்மனிக்கு அனுப்பி என்.எம்.ஆர். என்ற சோதனை செய்ததில் 10 தேறவில்லை. அவற்றில் பல, இங்குள்ள சாதாரண சோதனைகளில் தேறியவை. கம்பெனிகள் மறுத்தன. ஆய்வுக்கூடத்தையே ஏமாற்றும் பாகு இருக்கும்போது தம்ளர் தண்ணீர் எந்த மூலைக்கு?

பெட்டிக்காரர்

மறுநாள் காலை பக்கத்துக் கிராமம் ஒன்றில் தேனீப் பெட்டிகளைக் காட்டினார்கள். இந்த வட்டாரத்துக்குத் தேன் புதிதல்ல. அரசின் காதி கிராமத் தொழில் வாரியம் மகாபலேஷ்வரை அடுத்த மாங்கர் கிராமத்தை 2022 மே மாதம் 'தேன் கிராமம்' என்று அறிவித்தது. அங்கே பெரும்பாலான வீடுகளில் இதுவே தொழில்.

பெட்டிக்காரர் அறுபது வயதுக்காரர். பெட்டியில் இருப்பது 'சாதேரி', அதாவது நம் ஊர் அடுக்குத் தேனீ. ஒரு பெட்டிக்கு வருஷத்துக்கு 5 முதல் 10 கிலோ கிடைத்தால் நல்ல மகசூல். பாறையில் தொங்கும் பெரிய 'ஆக்யா' பெட்டிக்கு அடங்காது.

"மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள், காகா?" என்று மராத்தியில் கேட்டேன்.

"சர்க்கரைத் தண்ணீர் வைப்போம்" என்றார் பெரியவர். கம்பெனி ஆள் முகம் வெளுத்து, எல்லோரையும் நாஷ்டாவுக்குக் கிளப்பினார்.

பெரியவர் சொன்னதில் தவறில்லை. ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் இடம். அடைமழையில் பூ ஏது? வைக்காவிட்டால் கூட்டம் பட்டினியால் செத்துவிடும், அல்லது பறந்துவிடும். அது ஈக்கு வைக்கும் கஞ்சி. அந்த நாட்களில் நேர்மையான பெட்டிக்காரர் தேன் எடுப்பதில்லை. மோசடி நடப்பது தொழிற்சாலைப் பீப்பாயில், பாகைத் தேனோடு கலக்கும்போது. இந்த வித்தியாசத்தை எழுத்தாளர்களுக்கு விளக்கியிருந்தால் கம்பெனிக்கே நல்ல விளம்பரமாகியிருக்கும்.

ஒரு புட்டியில் உங்களுக்கு எவ்வளவு நிற்கும் என்று பெரியவரிடம் கேட்டதற்கு, "அது பிறகு பேசலாம்" என்று கம்பெனி ஆளே பதில் சொன்னார். பிறகு பேசவில்லை. எனக்குக் கொடுத்த புட்டியில் மலை இருந்தது, பூ இருந்தது. கிராமத்தின் பெயர் இல்லை.

அந்தப் பக்கம் போகிறவர்கள் வாட்டார் ஸ்டேஷனில் இறங்கினால் மகாபலேஷ்வர் சுமார் 60 கிலோமீட்டர். தேன் வாங்குமுன் எந்தப் பூ, எந்த மாதம் எடுத்தது, எந்த ஊர்ப் பெட்டி என்று கேளுங்கள். பெட்டிக்காரரிடமே வாங்கினால் உடனே பதில் வரும். குளிரில் தேன் உறைந்து சர்க்கரைபோல் ஆனால் கலப்படம் என்று கொட்டிவிடாதீர்கள். நல்ல தேனும் உறையும். புட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் இளகிவிடும், அடுப்பில் வைக்கவேண்டாம்.