பழைய பேப்பரில் பிடித்த முகம்

செல்லிப்பட்டுப் பக்கத்துத் திருக்கனூரின் காகிதக்கூழ் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. வில்லியனூர் சுடுமண் சிற்பங்களுக்கும் உண்டு. சுடுமண்ணுக்குச் சூளை வேண்டும். காகிதத்துக்கு வெயிலே போதும், அதனால் வீட்டுப் பொழுதுபோக்குக்கு இதுதான் தோது.

பழைய செய்தித்தாளைக் கிழித்து இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் பிழிந்து அரைத்து, மைதாப் பசை விட்டுச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையுங்கள். ஊதிய பலூன்மேல் அப்பி, கல்லுபோலக் காய்ந்ததும் பலூனைக் குத்திவிட்டு இரண்டாக வெட்டினால், இரண்டு முகமூடி தயார்! மூக்குக்குக் கொஞ்சம் கூழ் தனியாக எடுத்து வையுங்கள், பலர் மறப்பது அதைத்தான்.

அபிமான நடிகரோ, சோட்டா பீமோ, பிடித்த முகத்தைத் தீட்டலாம். ஐப்பசி அடைமழையில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். காயாத கூழில் பூஞ்சை பிடித்துவிடும்.