பில் ஏன் வரி விட்டு வரி அடிக்குது?

இந்த வாரக் கேள்வி ஒரு மொத்த வியாபாரக் கடையிலிருந்து வந்திருக்கு. அப்பா காலத்து டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். பில்லிங் சாப்ட்வேர் மாத்தின நாள்லேருந்து ஒவ்வொரு வரிக்கு நடுவுலயும் ஒரு வெத்து வரி விழுதாம். ஒரு பக்கத்துல முடியற பில் ரெண்டு பக்கம் போகுது. "தூக்கிப் போட்டுட்டு லேசர் வாங்கிடவா?"ன்னு கேக்கறாங்க.

வேண்டாம். மூணு காப்பி கார்பன் பில்லை ஒரே அடியில அடிக்க, ரிப்பனை ஊசியால குத்துற மெஷின்தான் வேணும். லேசரால அது முடியாது. இங்க பிரிண்டருக்கு ஒண்ணும் ஆகல. சுவிட்ச் ஒண்ணைத் தள்ளினா போதும்னு நினைக்கிறேன்.

பழைய டைப்ரைட்டர்ல ரெண்டு வேலை தனித்தனி: வண்டியை வரியோட ஆரம்பத்துக்குத் தள்றது, பேப்பரை ஒரு வரி மேல ஏத்துறது. கம்ப்யூட்டரும் அதையே ரெண்டு கட்டளையா வச்சுக்கிச்சு. முதலாவது கேரேஜ் ரிட்டர்ன், அடுத்தது லைன் ஃபீட். டாஸ் ரெண்டையும் அனுப்பும். டிஆர்எஸ்-80 மாதிரி பழைய மெஷின்கள் முதலாவதை மட்டும் அனுப்பும். அதுக்காகத்தான் பிரிண்டர்ல 'ஆட்டோ லைன் ஃபீட்'னு ஒரு சுவிட்ச். அதை ஆன் பண்ணினா, பேப்பரை ஏத்துற வேலையை பிரிண்டரே பாத்துக்கும். உங்க பழைய சாப்ட்வேர் ஒண்ணு மட்டும் அனுப்பியிருக்கணும், புதுசு ரெண்டும் அனுப்புது. இப்போ ரெண்டு பேரும் ஏத்துறாங்க. ரெண்டு பேருமே ஏத்தலைன்னா இன்னும் மோசம்: மொத்த பில்லும் ஒரே வரி மேல கருப்பா அடிச்சுடும்.

எப்சன் எஃப்எக்ஸ்-80-ல இது ரெண்டாவது தொகுதியோட நாலாவது சுவிட்ச். மத்த மாடல்கள்ல எண் மாறும், மேனுவலைப் பாருங்க. பின்னாடியோ மூடிக்கு அடியிலயோ நகம் அளவுல வரிசையா இருக்கும். பேரு டிப் சுவிட்ச்.

முதல்ல இப்போ இருக்கற நிலையை போட்டோ எடுத்துக்குங்க. பிரிண்டரை ஆஃப் பண்ணி, பிளக்கையும் கழட்டுங்க. பால் பேனா முனையால தள்ளுங்க. பென்சில் வேண்டாம், அதோட தூள்ல கரண்ட் பாயும். ஆன் பண்ற நேரத்துல மட்டும்தான் பிரிண்டர் இந்த சுவிட்ச்களைப் படிக்கும். ஓடிட்டிருக்கும்போது தள்ளிட்டு "மாறலையே"ன்னு புலம்பிப் பிரயோஜனம் இல்லை.

பக்கத்து சுவிட்ச்களைத் தெரியாம தட்டிடாதீங்க. சில மாடல்ல பக்க நீளம் அங்கதான் இருக்கு. 11 அங்குலம்னா 66 வரி, 12 அங்குலம்னா 72. தப்பா வச்சா ஒவ்வொரு பில்லும் ஆறு வரி கீழ நகரும். நம்பர் போட்டு அச்சடிச்ச பில் கட்டு வீணாப் போயிடும். இன்னும் மூணு சுவிட்ச் நாட்டுக்கான எழுத்து. இங்கிலாந்துன்னு வச்சா # போட்ட இடத்துல £ வரும்!

செல்ஃப் டெஸ்ட் அடிச்சுப் பாத்துட்டு சரின்னு விட்டுடாதீங்க. அதுல கம்ப்யூட்டர் எதையும் அனுப்பறதில்லை, அதனால இந்தக் கோளாறு தெரியாது. வெள்ளைத் தாளை மாட்டி, சாப்ட்வேர்லேருந்தே நாலு ஐட்டம் போட்டு ஒரு பில் அடிங்க.